மின்னொளி ஆட்டமும் மங்கிய படமும்: டெலி லென்ஸ் வாங்கும் முன் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி

பொங்கல் வந்தால், கோயில் திருவிழா வந்தால், ஊருக்கு ஊர் போஸ்டர் ஒட்டுவார்கள்: 'மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி'. கண்ணுக்குப் பகல் போலத் தெரிகிற அந்த வெளிச்சம் கேமராவுக்கு எவ்வளவு இருட்டு என்பது படம் எடுக்கப் போனவர்களுக்குத்தான் தெரியும். நானும் போனேன். கேமராவோடு வந்த 55-250 டெலி லென்ஸை (தூரத்தைக் கிட்டே இழுப்பது; எண்கள் மி.மீ.-இல் அதன் ஃபோகல் லெங்த்) மாட்டிக்கொண்டு இரவு பத்து மணியிலிருந்து விடியும்வரை எண்ணூறு படம். மறுநாள் கணினியில் போட்டுப் பார்த்தால் உருப்படியாக ஒன்பது. அந்த ஒன்பதிலும் ஆறு, பரிசளிப்பின்போது எல்லோரும் அசையாமல் நின்றபோது எடுத்தது.

உடனே கடன் வாங்கியாவது ஒரு 70-200 எஃப்/2.8 (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறந்து அதிக வெளிச்சம் விடும்) வாங்கிவிட வேண்டும் என்று துடித்தேன். நல்லவேளை, கடன் கிடைக்கவில்லை. பிறகு பொறுமையாக உட்கார்ந்து அந்த எண்ணூறு படங்களையும் தரம் பிரித்தபோது தெரிந்தது: பாதிக்கு மேல் லென்ஸின் குற்றம் உண்மைதான், ஆனால் 70-200 வாங்கியிருந்தாலும் அது தீர்ந்திருக்காது. மீதி என் குற்றம். அதனால் எந்த லென்ஸ் நல்லது என்ற கேள்வியை ஒத்திவைத்துவிட்டு, உங்கள் படத்தில் என்ன கோளாறு என்பதிலிருந்து தொடங்குவோம்.

முதலில்: மங்கல் எந்த வகை?

படத்தை நூறு சதவீதம் பெரிதாக்குங்கள். ஆட்டக்காரரைப் பார்ப்பதற்கு முன் தரையில் போட்ட சுண்ணாம்புக் கோட்டையும் பின்னால் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தையும் பாருங்கள்.

கோடு தெளிவாக இருந்து ஆட்டக்காரரின் கை கால் மட்டும் இழுபட்டிருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. விளக்கு, கோடு, ஆள் எல்லாமே ஒரே திசையில் கோடு இழுத்ததுபோல் இருந்தால் உங்கள் கை ஆடியிருக்கிறது. ஆட்டக்காரர் மங்கலாகி அவருக்கு முன்னாலோ பின்னாலோ வேறு ஏதோ ஒன்று கத்திபோல் தெளிவாக இருந்தால் ஃபோகஸ் தப்பியிருக்கிறது. எங்குமே தெளிவில்லை, இழுவையும் இல்லை, எல்லாம் ஒரு வெள்ளைத் துணிக்குப் பின்னால் இருப்பதுபோல் தெரிந்தால் கண்ணாடியில் கோளாறு. இந்த நான்கையும் பிரித்துக்கொள்ளாமல் கடைக்குப் போகாதீர்கள். கடைக்காரர் நான்குக்கும் ஒரே மருந்தைத்தான் எடுத்து வைப்பார்.

'கோடு தெளிவு, ஆள் மட்டும் இழுவை'

இதுதான் முக்கால்வாசிப் பேரின் நோய். கபடிக்கு ஷட்டர் 1/800 வினாடி வேண்டும். கைப்பந்தில் ஸ்மாஷ் அடிக்கும் கைக்கு 1/1000. பேட்மின்டன் மட்டை நிற்க வேண்டுமென்றால் 1/1600-க்கும் மேல். 1/500-க்குக் கீழே போனால் அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டியதுதான். (ஒரு விலக்கு உண்டு: எம்பிக் குதிக்கிறவர் உச்சியில் ஒரு கணம் நிற்கிறாரே, அந்தக் கணத்துக்கு 1/500 தாராளம். ஆனால் அவர் கை அப்போதும் சுழன்றுகொண்டுதான் இருக்கும்.)

நான் போகும் ஊர் மைதானங்களில் பெரும்பாலும் எஃப்/2.8, 1/800, ஐஎஸ்ஓ (சென்சாரின் வெளிச்ச உணர்திறன்) 6400 என்று வைத்தால்தான் முகம் சரியான வெளிச்சத்தில் வரும். அதே இடத்தில் உங்கள் லென்ஸ் எஃப்/5.6 வரைதான் திறக்கும் என்றால் கணக்கு என்ன ஆகும்? 5.6-க்கும் 2.8-க்கும் நடுவே வெளிச்சம் நான்கு மடங்கு வித்தியாசம். ஆக ஷட்டர் 1/200-க்கு இறங்க வேண்டும், இல்லாவிட்டால் ஐஎஸ்ஓ 25600-க்கு ஏற வேண்டும். முதலாவது இழுவை, இரண்டாவது படம் முழுக்க மணல். அதே இடத்தில் எஃப்/1.8 லென்ஸ் இருந்தால் 5.6-ஐவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். 1/800-ஐ வைத்துக்கொண்டே ஐஎஸ்ஓவை 2500 அளவுக்கு இறக்கலாம்.

'ஜூம் செய்யும்போதெல்லாம் ஷட்டர் தானாக விழுகிறது' என்பதும் இதே நோய்தான். லென்ஸ் மேல் 4-5.6 என்றோ 4.5-6.3 என்றோ எழுதியிருக்கும். முதல் எண் அகலமாக வைக்கும்போது, இரண்டாவது முழுக்க நீட்டும்போது. நீங்கள் எப்போதும் முழுக்க நீட்டித்தான் எடுக்கிறீர்கள். ஆகவே உங்கள் லென்ஸின் உண்மையான எண் இரண்டாவதுதான்.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். 'வேகமான லென்ஸ்' என்றால் வேகமாக ஃபோகஸ் செய்யும் லென்ஸ் என்று பொருளில்லை. அதிக வெளிச்சம் விடுவதால் வேகமான ஷட்டர் வைக்கலாம், அவ்வளவுதான். கேனானின் பழைய 85 எஃப்/1.2 எல் லென்ஸ் வெளிச்சத்தில் ராஜா. ஆனால் உள்ளே நகர வேண்டிய கண்ணாடி பெரிதும் கனமும் என்பதால் ஃபோகஸ் நிதானமாகத்தான் நகரும். 1992-இல் வந்த அதே கம்பெனியின் சாதாரண 85 எஃப்/1.8 பாதிக்கும் குறைவான எடையில் சட்டென்று பிடிக்கும். ஓடுகிற ஆளுக்கு இரண்டாவதுதான் ஏற்றது.

லென்ஸிலிருக்கும் ஆட்டம் தடுக்கும் வசதியையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறோம். ஐஎஸ், விஆர், ஓஎஸ்எஸ், விசி என்று கம்பெனிக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். எல்லாமே உங்கள் கையின் ஆட்டத்தைத்தான் நிறுத்தும். ரைடரின் (எதிரணிப் பக்கம் பாடிப் போகிறவரின்) காலை அது நிறுத்தாது. 1/800-இல் எடுக்கிறவருக்கு அதனால் பெரிய லாபமில்லை. பழைய லென்ஸ் தேடுகிறவர்களுக்கு இது நல்ல செய்தி: கேனான் 1995-இல் கொண்டுவந்த, ஐஎஸ் இல்லாத 70-200 எஃப்/2.8 எல், 2020-இல் வந்த டாம்ரான் 70-180 எஃப்/2.8 முதல் பதிப்பு மாதிரியான லென்ஸ்களை 'அந்த வசதி இல்லையே' என்று சிலர் ஒதுக்குவார்கள். கல்யாண வீடியோ எடுப்பவர் ஒதுக்கட்டும். கபடி எடுப்பவர் ஒதுக்க வேண்டியதில்லை. அந்த டாம்ரான் 810 கிராம்தான், விடியவிடியத் தூக்க வேண்டியவருக்கு அதுவே பெரிய வசதி.

'2.8 வாங்கிவிட்டேன், ஆனால் ஆள் ஃபிரேமுக்குள் அடங்கவில்லை'

இந்தப் பகுதியை மட்டுமாவது வாங்குவதற்கு முன் படித்துவிடுங்கள். நான் வாங்கத் துடித்த 70-200 என்னை இங்கேதான் கவிழ்த்திருக்கும்.

ஆண்கள் கபடிக் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நடுக்கோட்டிலிருந்து கடைசிக் கோடு ஆறரை மீட்டர். போனஸ் கோடு நடுக்கோட்டிலிருந்து 4.75 மீட்டரில். கடைசிக் கோட்டுக்கு இரண்டு மீட்டர் பின்னால் நீங்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தால், போனஸ் கோட்டில் கால் வைக்கும் ரைடர் உங்களிடமிருந்து மூன்றே முக்கால் மீட்டரில் நிற்கிறார். ஒரு கட்டில் நீளம் இரண்டு!

எவ்வளவு உயரம் அடங்கும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. சென்சாரின் உயரத்தைத் தூரத்தால் பெருக்கி, ஃபோகல் லெங்தால் வகுத்தால் போதும். ஃபுல் ஃபிரேம் சென்சார் 36-க்கு 24 மி.மீ. ஏபிஎஸ்-சி ஏறக்குறைய 23-க்கு 15. ஏபிஎஸ்-சி கேமராவில் 70-200 மாட்டி, குறைந்தபட்சமான 70-இல் வைத்து, கேமராவைச் செங்குத்தாகவே பிடித்தாலும் அந்த ரைடரில் ஒன்றேகால் மீட்டர்தான் உள்ளே வரும். தலை இருந்தால் கால் இருக்காது. கபடியில் கால் இல்லாத படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

சரி, அந்த இடத்திலிருந்து டெலி எதற்குத்தான் வேண்டும்? எதிர்ப் பக்கத்தில் பிடிபட்டு, மூன்று பேரை இழுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தொடத் தவிக்கிறாரே, அந்த ரைடரின் முகம் உங்களைப் பார்த்துத்தான் வருகிறது. நடுக்கோடு உங்களிடமிருந்து எட்டரை மீட்டர். அங்கே ஏபிஎஸ்-சி கேமராவில் 85 மி.மீ. வைத்தால் படுக்கைவாட்டில் ஒன்றரை மீட்டர் உயரமும் 2.3 மீட்டர் அகலமும் அடங்கும். விழுந்து புரண்டு கிடக்கிற நாலு பேருக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கும். ஃபுல் ஃபிரேம் என்றால் அதே காட்சிக்கு 135.

அதனால் கபடி, கைப்பந்து, பேட்மின்டன், கூடைப்பந்து என்று சின்னக் களங்களில் எடுப்பவருக்கு என் முதல் சிபாரிசு 85 எஃப்/1.8. கேனான், நிக்கான், சோனி மூன்றிலும் உண்டு, சோனியுடையது 371 கிராம்தான். ஒரே கம்பெனியின் 70-200 எஃப்/2.8 விலையில் ஒரு சிறு பங்குக்குக் கிடைக்கும். அதைவிட இரண்டரை மடங்கு வெளிச்சமும் விடும். விலை ஏன் இவ்வளவு குறைவு? லென்ஸ் திறக்க வேண்டிய துளையின் விட்டம் என்பது ஃபோகல் லெங்தை எஃப் எண்ணால் வகுத்தால் வருவது. 85 எஃப்/1.8-க்கு அது 47 மி.மீ. 200 எஃப்/2.8-க்கு 71. 300 எஃப்/2.8-க்கு 107. 400 எஃப்/2.8-க்கு 143, ஒரு சின்ன சாப்பாட்டுத் தட்டு. காசு முழுக்க அந்தக் கண்ணாடி வட்டத்தில்தான் போகிறது. கிட்ட உட்கார முடிகிற ஆட்டத்துக்குத் தட்டு வாங்க வேண்டியதில்லை.

கையில் கொஞ்சம் கூடுதலாக இருந்தால்: ஃபுல் ஃபிரேம்காரர்களுக்கு 135 எஃப்/1.8. சிக்மா 2017-இலும், சோனி 2019-இலும், கேனான் 2022-இலும், நிக்கான் 2023-இலும் கொண்டுவந்தன. கேனானின் பழைய 135 எஃப்/2 எல் இப்போது பழைய சந்தையில் பலரும் கழித்துவிடுகிற லென்ஸ், அடாப்டர் வழியாகப் புதிய ஆர் வரிசைக் கேமராவிலும் ஃபோகஸ் முழுதாக வேலை செய்யும். ஏபிஎஸ்-சிக்காரர்களுக்கு சிக்மா 50-100 எஃப்/1.8 ஒன்று 2016-இலிருந்து இருக்கிறது. ஜூமும் வேண்டும், 1.8-உம் வேண்டும் என்பவர்களுக்கு அது வரம். ஒன்றரைக் கிலோ எடை, ஆட்டம் தடுக்கும் வசதி இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். 2025-இல் சோனி 50-150 எஃப்/2 என்று ஒன்றை இறக்கியது. அதன் விலையைப் பார்த்து, தேநீரை முடித்துவிட்டு, 85-க்குத் திரும்பி வந்துவிட்டேன்.

'85' என்று பெயர் போட்டதெல்லாம் இதற்கு ஆகாது. மேக்ரோ வகை 85-உம் 90-உம் 100-உம் மிகக் கிட்டே வரை ஃபோகஸ் போக வேண்டும் என்பதால், ஒருமுறை தப்பினால் முழுத் தூரமும் ஓடித் திரும்பும். அதற்குள் ரைடு முடிந்துவிடும்.

'ஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடுகிறது, நிற்கவே மாட்டேன் என்கிறது'

டிஎஸ்எல்ஆர் கேமரா (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி வைத்தது) ஃபோகஸ் செய்யும்போது லென்ஸ் முழுக்கத் திறந்த நிலையில்தான் இருக்கும். ஆகவே 2.8 லென்ஸை நீங்கள் 4-இல் வைத்து எடுத்தாலும், ஃபோகஸ் சென்சாருக்கு 2.8-இன் வெளிச்சம் கிடைக்கும். கிட் லென்ஸ் (கேமராவோடு வருவது) இருட்டில் தடுமாறுவதற்கு இது ஒரு காரணம். ஆனால் லென்ஸை மாற்றும் முன் ஃபோகஸ் புள்ளியை மாற்றிப் பாருங்கள். கேனான் 1500டி-இல் ஒன்பது புள்ளிகள் இருந்தாலும் நடுவில் உள்ள ஒன்றுதான் குறுக்கு வகை, அதாவது நெடுக்கான, குறுக்கான விளிம்புகள் இரண்டையும் பார்க்கக்கூடியது. நிக்கான் டி5600-இல் 39-க்கு ஒன்பது. இரவில் ஓரப் புள்ளிகளை நம்பாதீர்கள். நடுப்புள்ளியில் பிடித்து, பின்னால் வெட்டிக்கொள்ளலாம்.

எங்கே குறிவைக்கிறோம் என்பதும் முக்கியம். ஒற்றை நிற டீ-சர்ட்டின் நடுவில் வைத்தால் கேமராவுக்குப் பிடிமானம் கிடைக்காது. மார்பில் எழுதிய எண், கழுத்துப்பட்டி, இடுப்பு எல்லை மாதிரி விளிம்பு உள்ள இடத்தில் வையுங்கள்.

லென்ஸின் பக்கவாட்டில் தூர வரம்பு சுவிட்ச் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். கேனான் 70-200 எஃப்/2.8 இரண்டாம் பதிப்பில் 1.2 மீட்டர், 2.5 மீட்டர் என்று இரண்டு நிலை உண்டு. 2.5-இல் வைத்தால் மூக்குக்கு முன்னால் தேடி அலைகிற வேலை மிச்சம்.

மிரர்லெஸ் (அந்தப் பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத கேமரா) வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை என்பார்கள். விளம்பரத்தில் 'மைனஸ் 6.5 இவி இருட்டிலும் ஃபோகஸ்' என்று இருக்கும் (இவி என்பது வெளிச்சத்தின் அளவு, எண் இறங்க இறங்க இருட்டு). கேனான் ஆர்6-க்கு அப்படித்தான் சொன்னார்கள். பொய்யில்லை, ஆனால் அந்த அளவு எஃப்/1.2 லென்ஸ் மாட்டி எடுத்தது. எஃப்/6.3 லென்ஸுக்குள் வரும் வெளிச்சம் அதில் இருபத்தேழில் ஒரு பங்குதான். பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) புதிதாகி லென்ஸ் பழையதாகவே இருந்தால் பாதி வியாதி அப்படியே இருக்கும்.

'ரைடர் மங்கல், பின்னால் சுண்டல் விற்கிறவர் தெளிவு'

முதலில் ஃபோகஸ் முறையைப் பாருங்கள். தொடர் ஃபோகஸில்தான் இருக்க வேண்டும், கேனானில் செர்வோ, மற்றவற்றில் ஏஎஃப்-சி. ஒருமுறை பூட்டி நிற்கும் முறையில் இருந்தால் நீங்கள் பூட்டிய இடத்திலிருந்து ரைடர் எப்போதோ போய்விட்டார். அடுத்தது, எல்லாப் புள்ளிகளையும் கேமராவின் விருப்பத்துக்கு விடாதீர்கள். கிட்டே இருப்பதைப் பிடிப்பது அதன் குணம், கபடியில் கிட்டே இருப்பது எதிரணிக்காரரின் முதுகு. சின்ன வட்டமாக நான்கைந்து புள்ளிகள் போதும். பிடித்த ஆளுக்குக் குறுக்கே வேறொருவர் ஓடினால் எவ்வளவு நேரம் கழித்துத் தாவ வேண்டும் என்பதற்கு ஒரு மெனு உண்டு. அதை மந்தமான பக்கம் வையுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் எப்போதும் ஒரே பக்கமாக, எல்லாப் படத்திலும் பின்னாலேயே விழுகிறதா? அப்படியானால் லென்ஸுக்கும் பாடிக்கும் அளவு ஒத்துப்போகவில்லை. இது டிஎஸ்எல்ஆர்காரர்களின் தனிச் சொத்து. செய்தித்தாளை மேசையில் விரித்து, சாய்வாக நின்று, ஒரு வரியைக் குறிவைத்து முழுத் திறப்பில் எடுங்கள். அப்புறம் அதையே லைவ் வியூவில் (பின்திரையைப் பார்த்து) எடுங்கள். லைவ் வியூவில் அந்த வரியே தெளிவு, வியூஃபைண்டரில் மட்டும் இரண்டு வரி தள்ளி விழுகிறது என்றால் கோளாறு உறுதி. கேனான் 80டி, நிக்கான் டி7000 வரிசை போன்றவற்றில் மெனுவிலேயே திருத்தலாம். 1500டி, டி5600 மாதிரி கீழ்நிலை மாடல்களில் அந்த மெனு கிடையாது, சர்வீசுக்குத்தான் போக வேண்டும். கிட் லென்ஸில் இந்தப் பிழை இருந்தாலும் வெளியே தெரியாது, ஏனென்றால் தெளிவு விழும் ஆழம் அதில் அதிகம். ஏபிஎஸ்-சியில் 85 எஃப்/1.8 வைத்தால் எட்டரை மீட்டரில் அது 70 செ.மீ. அளவுதான். ஃபுல் ஃபிரேமில் 200 எஃப்/2.8 வைத்துப் பத்து மீட்டரில் எடுத்தால் 40 செ.மீ. அதாவது முகம் தெளிவு, நீட்டிய கை மங்கல். அது கோளாறில்லை, அந்த லென்ஸ் அப்படித்தான்.

'லென்ஸ் மாட்டினேன், மோட்டார் ஓடவே இல்லை'

நிக்கான்காரர்கள் மட்டும் படித்தால் போதும். ஏஎஃப்-டி வகைப் பழைய லென்ஸ்களுக்குள் மோட்டார் கிடையாது, பாடியில் உள்ள மோட்டார்தான் ஒரு திருகாணி வழியாகச் சுற்றும். டி3000, டி5000 வரிசைப் பாடிகளில் அந்த மோட்டார் இல்லை. இசட் வரிசை மிரர்லெஸ்ஸில் எஃப்டிஇசட் அடாப்டர் போட்டாலும் இல்லை. 80-200 எஃப்/2.8டி மலிவாகக் கிடைக்கிறது என்று பாய்ந்து வாங்கிவிட்டு, கபடியைக் கையால் ஃபோகஸ் செய்து எடுத்த நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. இப்போது அவர் அதில் நிலா எடுக்கிறார்.

'ஒரு படம் மஞ்சள், அடுத்தது நீலம், மூன்றாவது பாதி இருட்டு'

இதற்காக லென்ஸைத் திட்டாதீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சில விளக்குகள் வினாடிக்கு நூறு தடவை ஏறி இறங்கும். ஓர் ஏற்ற இறக்கம் பத்து மில்லி வினாடி. 1/1000 ஷட்டர் அதில் பத்தில் ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுக்கிறது. ஏற்றத்தில் வெட்டினால் வெளிச்சம், இறக்கத்தில் வெட்டினால் மங்கல், சோடியம், மெட்டல் ஹேலைடு விளக்குகளில் நிறமும் மாறும். கிட் லென்ஸில் 1/100-இல் எடுத்துக்கொண்டிருந்தவரை இது தெரிந்திருக்காது. வேகமான லென்ஸ் வாங்கி 1/1000-க்குப் போன பிறகுதான் முளைக்கும், அதனால்தான் பழி புது லென்ஸ் மேல் விழுகிறது.

கேமராவில் ஃப்ளிக்கர் குறைப்பு வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். கேனானில் 2014-இல் வந்த 7டி மார்க் 2-இலும், நிக்கானில் டி500-இலும், சோனியில் ஏ7 3-இலும் அது உண்டு. பின்னால் வந்த பல மாடல்களிலும் உண்டு. விளக்கின் ஏற்றத்துக்குக் காத்திருந்து ஷட்டரை விடும். தொடர்ச்சியாகச் சுடும் வேகம் கொஞ்சம் குறையலாம், பரவாயில்லை. ஜெனரேட்டரில் ஓடும் மைதானத்தில் 50 ஹெர்ட்ஸ் சீராக நிற்காது என்பதால் அங்கே இந்த வசதியும் சில நேரம் தடுமாறும். அப்போது ஒரே காட்சிக்கு நாலைந்து படம் சுட்டு ஒன்றைப் பொறுக்குவதே வழி. படத்தில் கிடைமட்டமாக இருட்டுப் பட்டைகள் ஓடினால், எலக்ட்ரானிக் ஷட்டரை அணைத்துவிட்டு மெக்கானிக்கலுக்கு மாறுங்கள். பந்து முட்டை வடிவில் வருவதற்கும் அதே மருந்து.

'படம் முழுக்க மணல் தூவியதுபோல்'

ஐஎஸ்ஓ ஏறிவிடுமோ என்று பயந்து 3200-இல் நிறுத்தி, இருட்டாக எடுத்து, பிறகு கணினியில் இரண்டு ஸ்டாப் (நான்கு மடங்கு) தூக்குகிறீர்களா? பல கேமராக்களில் 12800-இல் சரியான வெளிச்சத்தோடு எடுத்த படம் அதைவிடச் சுத்தமாக இருக்கும். இரவில் பின்னணி கறுப்பு என்பதால் தானியங்கி மீட்டர் ஏமாந்து முகத்தை வெளுக்க வைக்கும். விளக்குக் கம்பம் ஃபிரேமுக்குள் வந்தால் நேரெதிராக இருட்டாக்கும். வெளிச்சம் இரவு முழுக்க மாறப்போவதில்லை, எனவே மேனுவலில் ஒருமுறை வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். ரா கோப்பில் (சென்சார் தந்ததை அப்படியே வைப்பது) எடுத்தால் இன்றைய நாய்ஸ் குறைப்பு மென்பொருள்கள் 6400-ஐச் சாதாரணமாகத் துடைத்துவிடுகின்றன. இழுவையைத் துடைக்கும் மென்பொருளை நான் இன்னும் பார்க்கவில்லை.

'விளக்கைச் சுற்றிப் புகை, நடுவில் பச்சைப் பொட்டு'

பச்சைப் பொட்டு, விளக்குகளின் தலைகீழ் பிம்பம் ஆகியவை தெரிந்தால் முன்னால் மாட்டிய யூவி ஃபில்ட்டரைக் கழற்றுங்கள். பெரும்பாலும் அங்கேயே தீரும். லென்ஸோடு வரும் குடையை (ஹூட்) மாட்டிக்கொள்ளுங்கள், அது பாதுகாப்புக்கும் ஆகும்.

புகை போகவில்லையென்றால் பூஞ்சை. கைபேசி டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கத்திலிருந்து பாருங்கள், சிலந்தி வலை போலவோ பனி மூட்டம் போலவோ தெரியும். கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் பையிலேயே மூடிவைத்த லென்ஸுக்கு இது வராமல் இருந்தால்தான் அதிசயம். பகலில் எடுக்கும்போது அவ்வளவாகத் தெரியாது. நாலு பக்கமும் ஃப்ளட்லைட் அடிக்கும்போதுதான் காட்டிக்கொடுக்கும். சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பா போதும், ஈரப்பதம் 40-50 சதவீதத்தில் நின்றால் சரி.

பழைய லென்ஸ் வாங்கும்போது இந்த டார்ச் சோதனை கட்டாயம். நான் ஒருமுறை பகல் வெளிச்சத்தில் நாலு படம் எடுத்துப் பார்த்துத் திருப்தியாகிக் காசைக் கொடுத்துவிட்டேன். அன்றிரவே மைதானத்தில் உண்மை தெரிந்தது. இப்போதெல்லாம் என் சோதனை வேறு மாதிரி: முழுத் திறப்பில் வைத்து, கடை வாசலில் என்னை நோக்கி வரும் பைக்குகளை இருபது படம் எடுப்பேன். ஃபோகஸ் மோட்டார் கீச்சிடுகிறதா, தடுமாறுகிறதா, ஒரு ஓரம் மட்டும் எப்போதும் மங்கலா என்று அங்கேயே பெரிதாக்கிப் பார்த்துவிடுவேன். கடைக்காரர் முகம் சுளித்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

'தூரம் பத்தவில்லை'

கால்பந்து, கிரிக்கெட் போன்ற பெரிய மைதானக்காரர்களுக்கு 85 எதற்கும் ஆகாது. ஃபுல் ஃபிரேமில் 200 வைத்து 40 மீட்டரில் நிற்பவரை எடுத்தால் ஃபிரேமில் 4.8 மீட்டர் உயரம் அடங்கும். ஆள் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். 1.4 கன்வர்ட்டர் (லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவே மாட்டி ஃபோகல் லெங்தை 1.4 மடங்காக்குவது) போடலாமா? போட்டால் எஃப்/2.8 எஃப்/4 ஆகிவிடும், வெளிச்சம் பாதி போயிற்று. 2 மடங்குக் கன்வர்ட்டர் என்றால் 5.6, கிட் லென்ஸுக்கே திரும்பி வந்தாயிற்று. நல்ல விளக்கு உள்ள பெரிய ஸ்டேடியம் என்றால் 1.4 ஓடும். ஊர் மைதானத்தில் நான் கன்வர்ட்டரைப் பையிலேயே வைத்துவிட்டு வெட்டிக்கொள்வேன். 24 மெகாபிக்சல் படத்தை 1.4 மடங்கு நெருக்கமாக வெட்டினாலும் 12 மிஞ்சும், நாளிதழுக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் அது அதிகம்.

உண்மையான விடை 300 எஃப்/2.8, அல்லது 120-300 மாதிரி ஜூம். சிக்மாவின் 2013 பதிப்பு மூன்று கிலோவைத் தாண்டும், கேனானின் 2023 100-300 இரண்டரைக் கிலோவுக்குச் சற்று மேல், சோனியின் 300 ஒன்றரைக் கிலோவுக்குள். எடை குறையக் குறைய விலை ஏறுகிறது. இதை வாங்குவதைப் பற்றி நான் யோசனை சொல்வது நியாயமில்லை. பெருநகரங்களில் நாள் வாடகைக்குக் கிடைக்கும். முக்கியமான ஆட்டத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள், கூடவே ஒரு ஒற்றைக்கால் ஸ்டாண்டும். இரண்டாம் பாதியில் படங்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்கின்றன என்றால் அது லென்ஸ் கோளாறில்லை, உங்கள் இடது கை கெஞ்சுகிறது.

'எல்லாம் சரி, ஆனால் படத்தில் முதுகுதான் இருக்கிறது'

கடைசியாக வந்த நோய் எனக்கு இதுதான். 85 வந்தது, இழுவை போனது, ஃபோகஸ் விழுந்தது, எண்ணூறில் இருநூறு தேறியது. ஆனால் அந்த இருநூறிலும் முதுகுகள். நான் பக்கக் கோட்டின் நடுவில், கமிட்டி மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். விழாக் குழுப் பெரியவர் ஒருவர் இரண்டு ஆட்டம் பார்த்துவிட்டு, "ஏந்தம்பி, பாடி வர்றவன் மூஞ்சி அந்தப் பக்கம்ல இருக்கு, நீ இங்க உக்காந்து எதை எடுக்குற?" என்றார்.

அன்றிலிருந்து கடைசிக் கோட்டின் மூலையில், தரையில். பாடி வருகிறவர் கிட்டே வந்தால் கழுத்தில் தொங்கும் இரண்டாவது கேமராவில் பழைய 35 எஃப்/1.8. நம் பக்கத்து அணி ஆள் எதிர்ப் பக்கம் போய்ப் பிடிபட்டுத் திரும்பினால் 85. பாதி ஆட்டத்தில் அணிகள் பக்கம் மாறிக்கொள்வதால் நான் எழுந்திருக்கவே வேண்டியதில்லை. ஒன்றே ஒன்று: ரைடர் கோட்டைத் தாண்டி மேலே வந்து விழுந்தால் லென்ஸைக் கையால் மூடிக்கொண்டு உருண்டுவிட வேண்டும். லென்ஸ் குடை இதுவரை இரண்டு உடைந்திருக்கிறது.